ஏப்ரல் 13-இல் ஏற்றிய மாட்டுக்கு 214 டாலர், பட்டியில் நின்ற மாட்டுக்கு 33 டாலர்

மழைமானி (இழையைத் தொடங்கியவர்)

"கொரோனாக் காலத்தில் அமெரிக்க உழவர்களுக்கு அரசு அள்ளிக் கொடுத்தது" என்று பக்கத்து இழையில் ஒருவர் எழுதியிருந்தார். அள்ளியது உண்மை. யார் மடியில் எவ்வளவு விழுந்தது என்பதைப் பேசத்தான் தனி இழை.

நான் மினசோட்டா மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் வரிக் கணக்கு எழுதிக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். நோபிள்ஸ் கவுண்டியும் (நம் ஊர் மாவட்டம் மாதிரி ஒரு பிரிவு) அதைச் சுற்றியுள்ள இரண்டு மூன்று கவுண்டிகளும் எங்கள் வாடிக்கை. நோபிள்ஸின் மக்கள்தொகை 22 ஆயிரம் சொச்சம். அதில் பாதிக்கு மேல் வொர்திங்டன் என்ற ஒரே ஊரில் இருக்கிறது. மற்றபடி கண்ணுக்கு எட்டிய வரை மக்காச்சோளம், சோயா, பன்றிக் கொட்டகை, மாட்டுப் பட்டி.

2020 ஏப்ரல் 17 அன்று அன்றைய வேளாண் துறைச் செயலர் சன்னி பெர்டியூ 1,900 கோடி டாலர் திட்டத்தை அறிவித்தார். 1,600 கோடி நேராக உழவர்களுக்கு. 300 கோடி பாலும் இறைச்சியும் காய்கறியும் வாங்கிப் பெட்டி கட்டி ஏழைகளுக்குக் கொடுக்க. 'கொரோனா வைரஸ் உணவு உதவித் திட்டம்' என்று பெயர். விண்ணப்பம் மே 26-இல் தொடங்கியது.

என் வாடிக்கையாளர் ஒருவர் மாடு கொழுக்கவைத்து விற்பவர். (ஆளை அடையாளம் காண முடியாதபடி எண்ணிக்கையை மாற்றியிருக்கிறேன்.) சட்டைப் பையில் எப்போதும் விதை நிறுவனம் இலவசமாகக் கொடுத்த சிறு குறிப்பேடு இருக்கும். எந்த லாரி என்று வந்தது, எத்தனை மாடு ஏறியது, சராசரி எடை என்ன, எல்லாம் பென்சிலில் எழுதுவார். அந்த ஏப்ரலில் 120 மாடுகள் விற்பனைக்குத் தயார். ஈஸ்டருக்கு மறுநாள், 13-ஆம் தேதி, 60 மாடுகள் ஏறின. மீதி 60-ஐ அந்த வாரமே ஏற்றுவதாக இருந்தது. இறைச்சி ஆலையிலிருந்து தொலைபேசி: ஆள் பற்றாக்குறை, ஒரு வாரம் பொறுங்கள். ஒரு வாரம் நான்கு வாரம் ஆனது. மாடு பொறுக்குமா? தின்றுகொண்டே இருந்தது. குறிப்பேட்டில் அந்த நான்கு வாரத்துக்கும் ஒரே சொல்தான், "இல்லை", "இல்லை", "இல்லை" என்று. மே 11-இல் லாரி வந்தபோது எடை கூடிப்போய், விலை இறங்கிப்போய்க் கொடுத்தார்.

இப்போது விதியைப் பாருங்கள். ஜனவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை விற்ற கொழுத்த மாட்டுக்கு ஒன்றுக்கு 214 டாலர். ஏப்ரல் 16 முதல் மே 14 வரை பட்டியில் நின்ற மாட்டுக்கு ஒன்றுக்கு 33 டாலர். முதல் அறுபதுக்கு 12,840 டாலர். இரண்டாவது அறுபதுக்கு 1,980. நஷ்டம் எதில் பெரிது என்று அவருடைய பேரப்பிள்ளைக்கும் தெரியும். பணம் மட்டும் தலைகீழாக வந்தது.

நஷ்டத்தை அளந்து கொடுக்கவில்லை. நாள்காட்டியைப் பார்த்துக் கொடுத்தார்கள் என்பது என் கட்சி.

நாற்றங்கால்

ஐயா, நான் திருத்துறைப்பூண்டிப் பக்கம். புயல் நிவாரணத்தில் 'கணக்கெடுத்த அன்று கூரை இருந்ததா' என்று கேட்பவர்களைப் பார்த்துப் பழகியவன், அதனால் இது எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. ஆனால் ஏப்ரல் 15 எங்கிருந்து வந்தது? யாராவது ஒருவர் மேசையில் உட்கார்ந்து கோடு போட்டிருப்பார் அல்லவா? அவருக்கு ஒரு காரணம் இருந்திருக்குமே.

சோளக்கொல்லை

காரணம் இருந்தது. நான் பக்கத்து மாநிலமான அயோவாவில் வேளாண் பொருளாதாரம் படிக்கிறேன். இதைப் பற்றி ஒரு பருவம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டோம்.

பணம் இரண்டு பைகளிலிருந்து வந்தது. முதல் பை, 2020 மார்ச் 27-இல் கையெழுத்தான கொரோனா நிவாரணச் சட்டமான கேர்ஸ் சட்டம்: 950 கோடி டாலர். ஜனவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவுக்குள் எந்தப் பொருளின் விலை 5 சதவீதமோ அதற்கு மேலோ விழுந்ததோ, அதற்கு ஈடு கொடுக்க. இரண்டாவது பை, 1933 முதல் இருந்துவரும் அரசு நிறுவனமான கமாடிட்டி கிரெடிட் கார்ப்பரேஷன்: 650 கோடி. அது 'இனிமேல் வரப்போகும்' சந்தைக் குழப்பத்துக்கு. ஏப்ரல் 15 என்பது ஒரு பை முடிந்து இன்னொரு பை தொடங்கும் தையல். மழைமானி அண்ணனின் வாடிக்கையாளர் சரியாக அந்தத் தையலில் மாட்டிக்கொண்டார்.

ஆனால் ஒன்று. ஒவ்வொருவரின் உண்மையான நஷ்டத்தையும் அளந்துதான் கொடுப்போம் என்று உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மே 26-இல் விண்ணப்பம் வாங்கி ஜூனிலேயே பணம் போட ஆரம்பித்தார்கள். இறைச்சி ஆலையோடு முன்விலை பேசாமல் அன்றன்று விலைக்குப் பன்றி விற்றவர்களுக்கென்று பின்னால் ஒரு திட்டம் வந்தது, பன்றிக்கு 54 டாலர். நஷ்டத்தைச் சரியாகக் குறிபார்த்த திட்டம்தான். வந்தது 2021 டிசம்பரில். அதிலும் 'அன்றன்று விலை' என்றால் எது என்று வரையறை குழம்பி, விதியைத் திருத்தி, கடைசித் தேதி 2022 ஏப்ரல் வரை இழுத்தது. துல்லியம் வேண்டுமென்றால் இரண்டு வருடம் காத்திருக்கவேண்டும். எது மேல்?

பல்லடத்தான்

எனக்கு வேறொரு சந்தேகம். எங்கள் பக்கம் கறிக்கோழி வளர்ப்பவர்களில் பெரும்பாலோருக்குக் கோழி சொந்தம் இல்லை. குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் நிறுவனத்தினுடையது. கொட்டகை, கரண்ட், உழைப்பு நம்முடையது. கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. 2020 பிப்ரவரி, மார்ச்சில் 'கோழி தின்றால் கொரோனா வரும்' என்ற வதந்தியில் கறி விலை படுத்தபோது அடுத்த குஞ்சு இறக்காமல் கொட்டகைகள் சும்மா கிடந்தன. அங்கே பன்றியிலும் இதே ஏற்பாடு என்று கேள்விப்பட்டேன். அப்படியானால் 'விற்ற பன்றி', 'நின்ற பன்றி' என்ற கணக்கில் வளர்த்தவருக்கு என்ன கிடைத்தது?

மழைமானி

பல்லடத்தான், இந்தக் கேள்வி எப்போது வரும் என்றுதான் இருந்தேன்.

ஒன்றும் கிடைக்கவில்லை. முதல் சுற்றில் சுத்தமாக ஒன்றும் இல்லை.

இங்கே வழக்கமான கொட்டகை என்றால் 2,400 பன்றி கொள்ளும். நீளமான தாழ்ந்த கட்டடம், சுவரில் ராட்சத விசிறிகள், அடியில் சாணக்குழி, பக்கத்தில் தீவனக் குதிர். கட்டடத்துக்கு வாங்கிய வங்கிக் கடன் வளர்ப்பவர் பெயரில். உள்ளே நிற்கும் உயிர் நிறுவனத்தின் பெயரில். திட்டத்தில் பணம் யாருக்கு? 'விலை விழும் அபாயத்தைச் சுமந்த உரிமையாளருக்கு'. எடை 120 பவுண்டுக்குக் குறைந்த குட்டியை அந்தக் கெடுவுக்குள் விற்றிருந்தால் 28 டாலர், அதற்கு மேற்பட்டதற்கு 18, ஏப்ரல் 16-க்குப் பின் பட்டியில் நின்றதற்கு 17. வளர்ப்பவருக்கு விலை அபாயம் இல்லையாம், ஏனென்றால் அவர் விற்பதில்லை. அவருடைய அபாயம் கொட்டகை காலியாகக் கிடப்பது. விண்ணப்பத்தில் அதற்கு ஒரு கட்டம் இல்லை.

அந்த ஏப்ரலைச் சொல்கிறேன், தெரியாதவர்களுக்காக. எங்களுக்கு மேற்கே சுமார் 100 கிலோமீட்டரில் இருக்கும் சூ ஃபால்ஸ் நகரின் பெரிய பன்றி ஆலை மூடப்படும் என்ற அறிவிப்பு ஏப்ரல் 12-இல் வந்தது. வொர்திங்டன் ஆலை நாளொன்றுக்குச் சுமார் 20 ஆயிரம் பன்றிகளை அறுப்பது. அது 20-ஆம் தேதி மூடப்பட்டது. பன்றி வளர்ப்பு ஓடும் பட்டை மாதிரி. இந்தப் பக்கம் குட்டி ஏறிக்கொண்டே இருக்கும், அந்தப் பக்கம் லாரி ஏற்றிக்கொண்டே இருக்கவேண்டும். முனை அடைத்துவிட்டது. வளர்ச்சியைத் தடுக்கத் தீவனத்தில் புரதத்தைக் குறைத்தார்கள். கொட்டகையில் சூட்டை ஏற்றினார்கள், சூட்டில் பன்றி குறைவாகத் தின்னும் என்பதால். ஒரு மாதம் முன்புவரை ஒரு பவுண்டு கூடுதலாக ஏற்ற என்னென்ன செய்வது என்று கூட்டம் போட்டுப் பேசியவர்கள் அவர்கள்.

பிறகு அதுவும் போதாமல் போனது. வொர்திங்டன் ஆலையே ஏப்ரல் கடைசியில் இறைச்சிக்காக அல்லாமல் பன்றிகளைக் கொன்று அப்புறப்படுத்துவதற்காக மட்டும் கொஞ்சம் ஆட்களோடு திறந்தது. நாளொன்றுக்கு 13 ஆயிரம் வரை முடியும் என்றார்கள். அந்த வாரம் என் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசிய ஒருவர் வரிக் கணக்கைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. கொட்டகை இவ்வளவு அமைதியாக இருந்து கேட்டதில்லை என்றார். விசிறி கூட ஓடவில்லை என்றார். அவர் வளர்ப்பவர். உரிமையாளர் அல்லர்.

வளர்ப்பவர்களுக்கென்று பணம் ஒதுக்கி, 2020 வருமானத்தை 2018 அல்லது 2019 வருமானத்தோடு ஒப்பிட்டு, குறைந்ததில் 80 சதவீதம் வரை கொடுப்போம் என்று அறிவித்தது 2021 ஆகஸ்டில். அக்டோபர் 12-க்குள் விண்ணப்பிக்கவேண்டும். சோளக்கொல்லை தம்பி சொல்லும் 'துல்லியம் தாமதமாகும்' என்பது சரி. ஆனால் யார் காத்திருக்கலாம், யார் காத்திருக்க முடியாது என்பதையும் அந்த ஏற்பாடுதான் முடிவு செய்தது.

வெள்ளை மேலங்கி

நான் செவிலியர். 2020-இல் அந்தப் பகுதியில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்தேன், ஊரைச் சொல்லவில்லை.

அண்ணன்மார் பேசுவதெல்லாம் சரி. மாடு, பன்றி, கொட்டகை என்று எல்லாம் வந்துவிட்டது. லாரி ஏன் வரவில்லை? ஆலையில் தோளோடு தோள் உரசி நின்று வெட்டிக்கொண்டிருந்தவர்களுக்குக் காய்ச்சல். அதனால் வரவில்லை. ஸ்பானிஷ், கரேன், சோமாலி என்று ஒரு வார்டில் எத்தனை மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் பிடித்தோம் என்று எண்ணிப் பார்த்ததில்லை. மூச்சுத் திணறிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, விடுப்புக் கடிதம் யாரிடம் கொடுப்பது என்று கேட்டார்.

பண்ணை, உணவு ஆலைத் தொழிலாளர்களுக்கும் பின்னால் உதவி வந்தது. ஆளுக்கு 600 டாலர். அறிவித்தது 2021-இல், தொண்டு நிறுவனங்கள் மூலமாகக் கைக்கு வர அதற்குப் பிறகும் நாளானது. உழவருக்கு உச்சவரம்பு என்ன என்று யாராவது சொல்லுங்கள், ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

மழைமானி

தங்கைக்கு: தனிநபருக்கு 2,50,000 டாலர். கூட்டு நிறுவனமாகப் பதிந்து, மூன்று பங்குதாரர்கள் ஆளுக்கு 400 மணி நேரமாவது பண்ணையில் உழைத்ததாகவோ மேலாண்மை பார்த்ததாகவோ காட்டினால் 7,50,000 வரை. 400 மணி நேரம் என்றால் வாரத்துக்கு எட்டு மணி நேரம் கூட இல்லை. அந்தக் கோடையில் எத்தனை மைத்துனர்கள் திடீரென்று உழவர் ஆனார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள், தொழில் தர்மம்.

பெரும்பாலோர் அந்த உச்சத்தின் பக்கம் கூடப் போகவில்லை என்பதையும் சொல்லவேண்டும். என் மேசைக்கு வந்தவை பெரும்பாலும் ஐந்திலக்கத் தொகைகள்.

பனிக்கரடி

எதற்கு மறைத்துப் பேசவேண்டும்? அமெரிக்காவில் யாருக்கு எவ்வளவு மானியம் என்பது பெயரோடு பொதுவில் கிடக்கிறது. நோபிள்ஸ் கவுண்டிப் பட்டியலில் முதல் பத்துப் பேர் இதோ:

[நெறியாளரால் நீக்கப்பட்டது]

நெறியாளர்

பனிக்கரடி, பொதுத் தரவாக இருந்தாலும் தனிநபர்களின் பெயரை இங்கே பட்டியல் போடவேண்டாம். தொகையைப் பற்றிப் பேசுங்கள்.

பனிக்கரடி

சரி, தொகையையே பேசுகிறேன். 2020-இல் அமெரிக்க உழவர்களுக்கு அரசு நேரடியாகக் கொடுத்தது, எல்லாத் திட்டங்களையும் சேர்த்து, 4,500 கோடி டாலருக்கு மேல். அதுவரை இல்லாத உச்சம். இந்தத் திட்டத்தின் இரண்டாம் சுற்று எங்கே அறிவிக்கப்பட்டது தெரியுமா? செப்டம்பர் 17, விஸ்கான்சின் மாநிலம் மோசினியில், ட்ரம்பின் தேர்தல் கூட்டத்தில். தேர்தலுக்கு ஏழு வாரம். ஏழைகளுக்குக் கொடுத்த உணவுப் பெட்டிக்குள் அதிபரின் கையெழுத்திட்ட கடிதம் வேறு. வெண்டைக்காயோடு கடிதம்! நஷ்ட ஈடு என்று நீங்கள் எல்லாரும் சொல்கிறீர்கள். எனக்கு இது வாக்குக்குப் பணம்தான், காசோலையில் கொடுத்தார்கள், அவ்வளவே.

நாற்றங்கால்

பனிக்கரடி, வாக்குக்குப் பணம் என்றால் எங்கள் ஊரில் உறையில் வரும், விண்ணப்பப் படிவம் நிரப்பச் சொல்லமாட்டார்கள். :-)

மழைமானி ஐயா, சோளத்துக்கு எப்படிக் கணக்குப் போட்டார்கள்? குத்தகைக்கு உழுபவருக்குக் கிடைத்ததா, நிலக்காரருக்கா? இங்கே அதில்தான் எப்போதும் அடிதடி.

மழைமானி

முதலில் குத்தகை. பணக் குத்தகை என்றால் நிலக்காரருக்கு இல்லை, உழுபவருக்குத்தான். வாரமாக விளைச்சலில் பங்கு என்றால் பங்குக்குத் தக்கபடி இருவருக்கும். ஏட்டில் நியாயமான விதி. உழவர் கையில் பணம் புரள்வதை நிலக்காரரும் செய்தித்தாளில் படிப்பார் என்பதை மட்டும் ஏடு கணக்கில் எடுக்கவில்லை. அடுத்த குத்தகைப் பேச்சில் அந்தப் பணம் எங்கே போனது என்று உங்களுக்கே தெரியும்.

சோளத்துக்கு முதல் சுற்றில் இப்படி: 2019 விளைச்சலில் பாதி, அல்லது 2020 ஜனவரி 15 அன்று விலை பேசாமல் கையிருப்பில் இருந்தது, இரண்டில் எது குறைவோ அது. அதில் பாதிக்குப் புஷலுக்கு (இங்கே தானியம் அளக்கும் அளவு) 32 சென்ட் ஒரு பையிலிருந்து, 35 சென்ட் இன்னொரு பையிலிருந்து. 90 ஆயிரம் புஷல் விளைத்தவர் குதிரில் 30 ஆயிரம் வைத்திருந்தால் 10,050 டாலர். முதலில் 80 சதவீதம், மீதி ஆகஸ்டுக்குப் பிறகு.

'விலை பேசாமல்' என்ற சொல்லைக் கவனியுங்கள். புத்தியாக இலையுதிர் காலத்திலேயே முன்விலை பேசி முடித்தவருக்குச் சல்லிக்காசு இல்லை. விலை ஏறட்டும் என்று சோளத்தைக் குதிரில் பூட்டிவைத்துக் காத்திருந்தவருக்கு உண்டு. அண்ணன் தம்பி இருவர், ஒரே வரப்பு, ஒருவருக்கு 10 ஆயிரம், மற்றவருக்குப் பூஜ்யம் என்ற வழக்கு என் மேசைக்கு வந்தது. தம்பி என்னிடம் கேட்டார்: "நான் ஜாக்கிரதையாக இருந்ததற்கு அபராதமா?"

இரண்டாம் சுற்றில் கையிருப்புக் கேள்வி இல்லை. 2020-இல் விதைத்த ஏக்கர், அவரவர் சராசரி விளைச்சல், அதில் 40 சதவீதம், புஷலுக்கு 58 சென்ட். 500 ஏக்கர், ஏக்கருக்கு 190 புஷல் என்றால் 22,040 டாலர். பிறகு 2020 டிசம்பரில் வந்த இன்னொரு நிவாரணச் சட்டத்தில் ஏக்கருக்கு இன்னும் 20 டாலர். அந்தப் பணம் வந்தபோது சோள விலை ஐந்து டாலரைத் தாண்டிவிட்டிருந்தது. மழைக்குக் குடை கேட்டவனுக்கு வெயில் வந்த பிறகு இரண்டு குடை.

ஆக, பனிக்கரடி சொல்வதில் இந்தப் பகுதி சரி. ஆனால் 'எல்லாம் வாக்குக்கு' என்று ஒரே போடாகப் போட்டால் அந்தக் காலிக் கொட்டகைக்காரர் கணக்கில் வரவேமாட்டார்.

பல்லடத்தான்

சரிபார்த்தது யார்? 60 மாடு என்று நான் 600 எழுதிக் கொடுத்தால்?

சோளக்கொல்லை

உழவரே உறுதிமொழி கொடுப்பதுதான். ஆதாரத்தைக் கேட்டால் காட்டவேண்டும். சிலரிடம் மட்டும் கேட்பார்கள். நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2022-இல் இதைப் பற்றி அறிக்கை கொடுத்தது. இரண்டு சுற்றும் சேர்த்துச் சுமார் 3,100 கோடி டாலர், சரிபார்ப்பு இன்னும் கடுமையாக இருக்கவேண்டும் என்பது அவர்கள் முடிவு. ஆனால் கவுண்டி அலுவலகங்கள் அப்போது பூட்டிக் கிடந்தன, எல்லாம் தொலைபேசியிலும் அஞ்சல் பெட்டியிலும்தான். அந்த ஊழியர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

இருக்கட்டும். மழைமானி அண்ணா, கோபிக்காமல் கேளுங்கள். முதல் பதிவிலிருந்தே உறுத்திக்கொண்டிருக்கிறது. உங்கள் கணக்கு 2020 கோடையோடு நின்றுவிட்டது. பட்டியில் நின்ற அந்த 60 மாடுகளுக்கு இரண்டாம் சுற்றில் தலைக்கு 55 டாலர் உண்டு. ஏப்ரல் 16 முதல் ஆகஸ்ட் 31 வரை ஏதாவது ஒரு நாளின் இருப்பைக் காட்டலாம். ஏப்ரல் 16-ஐக் காட்டியிருப்பார். அது மட்டுமில்லை. அந்த 214-க்கும் 33-க்கும் உள்ள பள்ளம் அநியாயம் என்று மாட்டுக்காரர் சங்கங்கள் கத்தி, 2020 டிசம்பர் சட்டத்திலேயே அதற்குத் தனி ஈடு வைத்தார்கள். கொழுத்த மாட்டுக்குத் தலைக்கு 63 டாலர். புதிதாக விண்ணப்பமே வேண்டாம், 2021 ஏப்ரலிலிருந்து தானாகக் கணக்கில் விழுந்தது. 33-உம் 55-உம் 63-உம் சேர்த்தால் 151.

பனிக்கரடி

இழையின் தலைப்பு போயிற்று!

வெள்ளை மேலங்கி

போகட்டும் பனிக்கரடி, 151 என்றாலும் 214 இல்லையே. ஒரு வருடம் கழித்து வேறு.

மழைமானி

இரண்டு நாள் கழித்து வருகிறேன். அலுவலகத்தில் பழைய கோப்பை எடுத்துப் பார்த்தேன்.

தம்பி சொன்னது சரி. 2021 கணக்கில், அரசுப் பணம் என்ற வரியில், நானே என் கையால் தட்டச்சு செய்த தொகையில் அந்த 63 கலந்திருக்கிறது. மொத்தத் தொகையாகப் படிவம் வந்தது, மொத்தமாக எழுதினேன். எது எதற்கு என்று பிரித்துப் பார்க்கவில்லை. அவரும் கேட்கவில்லை. 55 டாலர் 2020 கணக்கிலேயே இருக்கிறது. அதை நான் வேறு மாடுகளுக்கு வந்ததாக நினைத்திருந்தேன்.

திருத்திய கணக்கு: ஏப்ரல் 13-இல் ஏறிய 60-க்கு 12,840. நின்ற 60-க்கு மூன்று தவணையில் 9,060. பள்ளம் 3,780 டாலர், அதாவது தலைக்கு 63. இன்னொரு 63 வந்திருந்தால் காசு பிசகாமல் சரியாகியிருக்கும்.

நான்கு வாரத் தீவனச் செலவையும் மே மாத விலையையும் இதில் சேர்க்கவில்லை, அது அவருடைய குறிப்பேட்டில் இருக்கிறது. 55 டாலரை அதே நஷ்டத்துக்கான ஈடாக எண்ணலாமா என்பதிலும் எனக்கு இன்னும் ஐயம் உண்டு; அது அதற்குப் பிந்தைய மாதங்களுக்கென்று கொடுத்தது. வளர்ப்பவர்கள் விஷயத்தில் நான் சொன்னதிலிருந்து ஓர் அங்குலம் நகரமாட்டேன்.

நெறியாளருக்கு: தலைப்பை மாற்ற முடியுமா?

நெறியாளர்

மறுமொழிகள் வந்த பிறகு தலைப்பை மாற்றுவதில்லை. முதல் பதிவின் அடியில் திருத்தம் என்று சேர்த்துக்கொள்ளுங்கள், தேதியோடு.